பிசாசு போனதில் யாருக்கு நஷ்டம்?

எங்கள் சபையின் போதகர் ஐயாவுக்கும், கமிட்டி உறுப்பினர்களுக்கும், இதே காரியத்தைத் தங்கள் ஆலயங்களிலும் பார்த்துக்கொண்டிருக்கும் குமரி மாவட்டத்துச் சபைத் தலைவர்கள் எல்லோருக்கும்,

புதிய மணிக்கோபுரத்தின் அடியில் பதிக்கப்போகும் பளிங்குக் கல்லில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. அந்தப் பெயருக்குரியவர் என்ன தொழில் செய்கிறார் என்பது அன்று கை தூக்கிய எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "சபைக்குள்ள அரசியல் வேண்டாம் டீச்சர்" என்று திருப்பித் தந்தீர்கள். அதனால்தான் இப்போது ஊர் அறிய எழுதுகிறேன். ஆள் பெயரோ சபையின் பெயரோ எழுதப் போவதில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் இது தங்கள் சபைதான் என்று நினைக்கப் போகிறார்கள். நினைக்கட்டும்.

தீர்மானம் போட்ட அதே வாரத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தீர்கள். கடைசி காலத்தில் பிசாசின் தந்திரங்கள் என்று தலைப்பு. மார்த்தாண்டம் மேம்பாலம் வரைக்கும் பிளக்ஸ் கட்டியிருந்தீர்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இந்தக் காலத்துத் தீமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்: செல்போன், சினிமா, பச்சை குத்துவது, வீட்டு வாசலில் கோலம், பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் கோவில் கொடைவிழாப் பாயசம், ஆதார் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் 666 என்ற அந்திக்கிறிஸ்துவின் எண். செல்போனைப் பற்றிச் சொன்னதில் பாதி சரிதான், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று நாளில் ஒருமுறைகூட வட்டி என்ற வார்த்தை வரவில்லை. சீதனம் என்ற வார்த்தையும் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு விடுதலை ஜெபம். எங்கள் பெண்கள் சங்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப் போனார்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி உடைக்கிற வேலை அவளுக்கு. ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள், எந்தச் சோப்புக்கும் அது போகாது. பல மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே நேரம் எடுக்கிறது. பிரசங்கியார் ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினார். "உன் பேரு என்ன, சொல்லு" என்று அதட்டினார். உள்ளே இருக்கும் ஆவியைக் கேட்கிறாராம். அவள் மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள். "பொய் சொல்லுது பாருங்க" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. மறுபடி தள்ளினார், விழுந்தாள். விலகிய சேலையை எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி ஓடிப்போய்ச் சரிசெய்தாள்.

அவளுக்குக் கடன் கொடுத்தவர் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோபுரத்துக் கல்லில் வரப்போகும் பெயர் அவருடையதுதான்.

மறுநாள் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், பிசாசு போயாச்சுன்னா அஞ்சாந்தேதி அவரு வட்டி எடுக்கமாட்டாரா?"

கணக்கைச் சொல்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அவள் எழுதி வைத்திருக்கும் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மகள் கல்யாணத்துக்குப் பேசிய பவுனில் குறைவு விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் திருப்பினார்கள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினாள், மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 95,000 கையில் கொடுத்தார்கள். ஈடாகக் கொடுத்தது, கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுப் பத்திரங்களும், கூலி விழும் கணக்கின் ஏடிஎம் கார்டும். மாதம் 5,000 வீதம் இரண்டு வருடத்தில் 1,20,000 கட்டிவிட்டாள். முதல் இன்னும் ஒரு லட்சமாக அப்படியே நிற்கிறது. அவள் கூலியை அவளே எடுக்க முடியாது. அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தனுப்புகிறார்.

இவளுக்குத் தூக்கம் வராததற்குப் பிசாசுதான் காரணம் என்று மேடையில் சொன்னீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பிசாசு என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை.

என்னைப் பகுத்தறிவுக்காரி என்று ஒதுக்கிவிடாதீர்கள். "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தீமை என்று ஒன்று இருக்கிறது, அது மனிதனைவிடப் பெரியது, தனியாக நின்று அதை ஜெயிக்க முடியாது, இதெல்லாம் எனக்கு விசுவாசம். அந்த விசுவாசத்தில் நின்றுகொண்டுதான் கேட்கிறேன். வேதத்தில் பிசாசு துரத்தப்பட்ட இடங்களைத் திறந்து பாருங்கள். மாற்கு 5-இல் கல்லறைகளுக்குள் கத்திக்கொண்டு திரிந்தவன் சுகமாகிறான், கூடவே ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் போகின்றன. ஊர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கண்டு சந்தோஷப்படவில்லை, தயவுசெய்து எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவைக் கேட்டுக்கொள்கிறார்கள். அப்போஸ்தலர் 16-இல் குறிசொல்லும் ஆவி பிடித்த ஒரு அடிமைப் பெண். அவள் குறி சொல்லிச் சம்பாதித்ததெல்லாம் எஜமான்களுக்குப் போயிற்று. பவுல் அந்த ஆவியைத் துரத்துகிறார். ஆதாயம் போயிற்று என்று கண்ட எஜமான்கள் பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அடி விழுகிறது, சிறைக்குப் போகிறார்கள்.

அங்கெல்லாம் பிசாசு போனபோது யாருக்கோ நஷ்டம் வந்தது, நஷ்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. நம் மேடையில் பிசாசு போனபோது யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. அந்தப் பெண்ணின் கூலியிலிருந்து ஐந்தாம் தேதி வட்டி போயிற்று. பிரசங்கியாருக்குக் காணிக்கை போயிற்று. முன்வரிசைக்காரர் மூன்று நாளும் கேட்டுவிட்டு, "நல்ல செய்தி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறாமல் என்ன செய்வார்? அவரைத் தொடுகிற ஒரு வார்த்தைகூட அதில் இல்லையே.

எபேசியர் 6:12-ஐ பிரசங்கியார் மூன்று இரவும் வாசித்தார். துரைத்தனங்களோடும் அதிகாரங்களோடும் போராட்டம் உண்டு என்று அந்த வசனத்தில் முதலில் வருகிறது, பொல்லாத ஆவிகளின் சேனை கடைசியில்தான் வருகிறது. அதிகாரம் வருகிற பாதியை வேகமாக வாசித்துவிட்டு ஆவிகளில் போய் நின்றுகொண்டார். அதிகாரத்தோடு போராடுவதென்றால் தாலுகா ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அந்தப் பெண்ணோடு போய் நிற்கவேண்டியிருக்கும். ஆவிக்கு அந்த அலைச்சல் இல்லை.

இந்தக் காலத்துத் தீமையின் லட்சணமே, அதைப் பல பேர் சின்னச் சின்னதாகப் பங்கு போட்டுச் செய்வதுதான். நிச்சயத்தில் பவுன் பேசியவர்கள் ஒரு பங்கு. அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும் ஜெபம் பண்ணியவர் ஒரு பங்கு. வெற்றுப் பத்திரம் வாங்கிக் கொடுத்தவர், சாட்சிக் கையெழுத்து போட்டவர், வட்டிப் பணத்தைக் காணிக்கையாக வாங்கி ரசீது எழுதியவர், மேடையில் கை தட்டியவர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டால் நான் ஒன்றும் செய்யவில்லையே என்பார்கள், அது பொய்யும் இல்லை. நம் மலைகளும் இப்படித்தான் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகின்றன. உடைத்தவனைக் கேட்டால் பெர்மிட் இருக்கிறது என்பான், பெர்மிட் கொடுத்தவரைக் கேட்டால் விதிப்படிதான் கொடுத்தேன் என்பார். மனிதனுக்குள்ளிருந்துதான் பொல்லாங்கு புறப்படுகிறது என்று மாற்கு 7-இல் இயேசு சொன்னது, இப்படிக் கைமாறிக் கைமாறி வருகிற பொல்லாங்கையும் சேர்த்துத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

சீதனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். 2011 கணக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல் எழுத்தறிவு உள்ள மாவட்டம் நம்முடையது. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி கிறிஸ்தவர்கள். படிப்பு கூடினால் சீதனம் குறையும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். நடந்தது என்ன? மாப்பிள்ளையின் படிப்புக்கு ஏற்ப ரேட் ஏறிற்று. பெண்ணும் இன்ஜினியர், பையனும் இன்ஜினியர், நூறு பவுன், கார், ரொக்கம் தனி. எங்கள் சபையில் கல்யாணக் காணிக்கை எவ்வளவு என்று சொல்வதற்கு முன் "எத்தனை பவுன்?" என்று கேட்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பவுன் கூடினால் காணிக்கையும் கூடும். அதாவது அந்தக் குற்றத்தில் சபைக்கும் ஒரு விழுக்காடு. இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கமிட்டியில் ஒருவர் எனக்குப் பதிலாக ஒரு வசனம் சொன்னார்: மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள். நல்ல வசனம். ஆனால் நாம் தீர்ப்பு செய்யாமலா இருக்கிறோம்? கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான ஒரு சின்னப் பெண்ணைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தோம். வேற்று மதப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பையன் விபத்தில் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று ராத்திரி வரை விவாதித்தோம், அவன் அம்மா வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அந்த வசனம் ஏன் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை? நூற்றுக்கு ஐந்து வாங்குகிறவர் என்றால் மட்டும் வருகிறது. அவர் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறார், திருவிருந்தில் முதல் பந்தியில் முழங்கால் போடுகிறார்.

பணம் யாருடையதாக இருந்தால் என்ன, ஆலயத்துக்குத்தானே போகிறது என்றும் கேட்டார்கள். யூதாஸ் திரும்பக் கொண்டுவந்து எறிந்த முப்பது வெள்ளிக்காசைக் கையில் வைத்துக்கொண்டு பிரதான ஆசாரியர்கள் யோசித்தார்கள். இது இரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டியிலே போடலாகாது என்று முடிவெடுத்தார்கள். இயேசுவைக் கொல்லச் சதி செய்தவர்களுக்கே எந்தப் பணத்தை ஆலயத்தில் சேர்க்கக்கூடாது என்று தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் அந்த மேடையில் சொன்னார்கள், அதையும் விட்டுவிட முடியாது. ஒக்கி புயல் வந்தது கடற்கரை மக்களின் பாவத்துக்குத் தண்டனையாம். 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை! எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை, தேடுதலும் நேரத்துக்குத் தொடங்கவில்லை. குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துவந்து தண்டவாளத்தில் உட்கார்ந்த நாளில் அவர்கள் கேட்டது எங்கள் பாவம் என்ன என்றல்ல, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்றுதான். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13-இல் இயேசுவே கேட்கிறார். அப்படியல்லவென்று பதிலும் சொல்கிறார். வேதத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்றுக்கு நேர் எதிராக மைக்கில் பேசியவரைப் போதகர் ஐயா மேடையிலேயே திருத்தியிருக்கவேண்டும். துக்கத்தில் இருக்கிறவன் தலையில் பழியையும் சுமத்துவது தீமை. அதை வசனம் சொல்லிச் செய்தால் இன்னும் பெரிய தீமை. வனாந்தரத்தில் பிசாசும் வசனம் சொல்லித்தான் இயேசுவிடம் பேசினான்.

பக்கத்து வீட்டுக் கொடையைப் பிசாசின் விருந்து என்று ஒலிபெருக்கியில் சொன்னதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதலில் என்ன நடந்தது, அதற்கு அப்புறம் எத்தனை ஊர்களில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்த வெளியூர்ப் பிரசங்கியாருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரை அழைத்த உங்களுக்குத் தெரியும்.

இந்த மண்ணில் சபைகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது, நம் முன்னோர்களுக்கு மார்பை மறைக்க உரிமை இல்லை, தலைக்கு வரி, அடிமை வேலை. பின்னால் வந்த மிஷனரிமார் திருவிதாங்கூர் அரசுக்கு அடிமை ஒழிப்புக்காக மனு எழுதினார்கள், 1855-இல் அடிமைமுறையை ஒழிக்கும் பிரகடனம் வந்தது. மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள், ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன, 1859-இல் ராஜா இறங்கிவந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அந்தத் துரைமார் எல்லாம் குறையில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தீமைக்குப் பெயர் சொன்னபோது அவர்களுக்கும் சபைக்கும் செலவு பிடித்தது. கத்தோலிக்க சகோதரர்கள் 2022 மே 15-இல் புனிதராகக் கொண்டாடிய தேவசகாயம் பிள்ளையையும் சொல்லலாம். நாங்கள் புனிதர்களிடம் வேண்டுகிறவர்கள் இல்லை, ஆனாலும் அவர் நம் நட்டாலத்து ஆள். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகிய அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோலத்தையும் பாயசத்தையும் திட்டினால் நமக்கு என்ன செலவு?

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

அந்தக் கல்லைப் பதிக்காதீர்கள். அதற்கு முன் போதகர் ஐயாவும் கமிட்டியிலிருந்து இரண்டு பேரும் கடன் கொடுத்த அந்த அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு ஆஸ்தியில் பாதியைக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. வெற்றுப் பத்திரங்களும் ஏடிஎம் கார்டும் அந்தப் பெண் கைக்குத் திரும்ப வரவேண்டும், வாங்கிய 95,000-க்கு மேல் அவள் கட்டிவிட்டாள் என்பதால் கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நம் சபையில் அவரிடம் மாட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் இதுவே. அவர் சம்மதித்தால் கல்லில் அவர் பெயர் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முதல் ஆளாக நானே கை தட்டுவேன். சம்மதிக்காவிட்டால் கோபுரத்துக்கு அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கோபுரம் பாதியில் நின்றால் நிற்கட்டும். அதீத வட்டியைத் தடை செய்யும் 2003-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் அவள் புகார் கொடுக்க விரும்பினால் சபை அவளோடு போகவேண்டும்.

சீதனம் பேசும் நிச்சயத்துக்குப் போதகர் ஜெபிக்கப் போகக்கூடாது. எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே காணிக்கை என்று தீர்மானம் போடுங்கள், "எத்தனை பவுன்?" என்ற கேள்வி சபை அலுவலகத்தில் இனிக் கேட்கக்கூடாது.

தூக்கமில்லாதவர்களையும் மனம் ஒடிந்தவர்களையும் இனி மைக்குக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். ஜெபியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கதவைச் சாத்திவிட்டு ஜெபியுங்கள், மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனநல உதவிக்கான அரசின் இலவச எண் 14416-ஐ ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். 1838-இல் நெய்யூரில் ஆஸ்பத்திரி தொடங்கியவர்களின் வழியில் வந்த சபைக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் பிரசங்கியார்களிடம், மற்ற மதத்தாரின் சாமியையோ, இறந்துபோன மீனவர்களையோ பழித்துப் பேசக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மீறினால் மைக்கை நிறுத்துங்கள்.

வருகிற சபைப் பொதுக்கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால், சந்தா பாக்கி இல்லாத அங்கத்தினர் என்ற முறையில் அங்கே எழுந்து இதே கேள்விகளைக் கேட்பேன். சங்கத்துப் பெண்கள் சிலரும் என்னோடு எழுந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்